பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ்: ஹாம் ரேடியோவுக்கு மாற்று மின்சாரம் அமைத்த அனுபவம்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அதன் பிறகு எங்கள் டெல்டாவில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. பல இடங்களில் செல்போனும் எடுக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு, எனக்குத் தெரிந்த ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக இயக்கும் ரேடியோ) நண்பர்கள் பலர் ரேடியோவுக்கென்றே ஒரு பேட்டரி வாங்கி வைத்தார்கள். எனக்கு வயரிங் வேலை கொஞ்சம் கைவரும் என்பதால், "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் ரேடியோ நன்றாக இருக்கும். ஆன்டெனா நன்றாக இருக்கும். பேட்டரியும் தரமானதாகத்தான் இருக்கும். இவற்றை இணைக்கிற அந்த இரண்டு மூன்று மீட்டர் வயரில்தான் கோளாறு இருக்கும்.

"12 வோல்ட்தானே, அது என்ன செய்யும்?" என்கிற நினைப்புதான் காரணம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் வயரைச் சூடாக்குவது கரண்ட். அதைத் தருவதில் பேட்டரிக்கு எல்லையே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இபி லைனுக்கு வீட்டு வாசலிலேயே கட்-அவுட், எம்சிபி, ஆர்சிசிபி என்று வரிசையாகக் காவல் இருக்கிறது. பேட்டரிக்கு அப்படி எதுவும் கிடையாது. நாம் வைத்தால்தான் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்குகிற 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) ட்யூபுலர் (ஈய அமில வகை) பேட்டரியின் உள்மின்தடை சில மில்லிஓம்தான். டெர்மினலிலேயே ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியரை எளிதாகத் தாண்டும். 4 ஸ்கொயர் எம்எம் வயரில் மூன்று மீட்டர் இழுத்து, அதன் கடைசி முனையில் ஷார்ட் ஆகிறது என்று வையுங்கள். போகவும் வரவும் ஆறு மீட்டர் செம்பு, ஏறக்குறைய 28 மில்லிஓம். பேட்டரியின் தடையையும் சேர்த்தால் 350 ஆம்பியர் அளவில் ஓடும். முப்பது ஆம்பியருக்கென்று செய்த வயர் அது. இரண்டே நொடியில் அதன் மேலிருக்கும் பிவிசி உருகுகிற சூட்டுக்குப் போய்விடும். யாராவது ஓடிவந்து பிடுங்குவதற்கு நேரமே கிடைக்காது.

பக்கத்து ஊரில் ஒரு நண்பர் வீட்டில் இது நடந்தது. ரேடியோவோடு வந்த டிசி கேபிளில் ஃபியூஸ் இருந்தது. ஆனால் பேட்டரியை வராந்தாவில் வைத்ததால் கேபிள் எட்டவில்லை. எலக்ட்ரீஷியன் வீட்டு வயரையே ஒட்டுப்போட்டு நீட்டிவிட்டார். ஆக, ஃபியூஸ் ரேடியோ மேசைக்கு அருகில், பேட்டரி நாலு மீட்டருக்கு அப்பால். இடையில் அந்த வயர் இரும்பு மேசையின் காலை ஒட்டிப் போயிற்று. மேசையை நகர்த்த நகர்த்த இன்சுலேஷன் தேய்ந்து, ஒருநாள் இரவு பாசிட்டிவ் இரும்பைத் தொட்டுவிட்டது. ரேடியோவின் உடம்பு வழியாக மேசை ஏற்கெனவே நெகட்டிவோடு சேர்ந்திருந்தது. ரேடியோ ஆஃபில் இருந்தும் வயர் செக்கச்செவேல் என்று ஆகி, பிளைவுட் பலகை கருகியது. வீட்டுக்காரம்மா புகை வாசம் பிடித்து எழுப்பியதால் ஆபத்து அதோடு நின்றது. அந்தப் பக்கம் இருந்த ஃபியூஸ் கடைசிவரை போகவே இல்லை. போவதற்குக் காரணமும் இல்லை. அதன் வழியாகக் கரண்டே போகவில்லையே.

டெல்டாக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். மதகு ஆற்றங்கரையில் இருக்க வேண்டும். வாய்க்காலின் கடைக்கோடியில் மதகை வைத்தால், நடுவில் கரை உடையும்போது அதை அடைத்து என்ன பயன்? ஃபியூஸும் அப்படித்தான். அது காப்பாற்றுவது ரேடியோவை என்று பலரும் நினைக்கிறார்கள். முதலில் காப்பாற்றுவது வயரை. அதனால் பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ரேடியோ கேபிளில் கம்பெனி கொடுத்த ஃபியூஸை எடுத்துவிடாதீர்கள், அது தன் இடத்தில் இருக்கட்டும். இது அதற்கு மேல் ஒன்று.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? வயர் தாங்குவதற்குள், ரேடியோ இழுப்பதற்கு மேல். தொலைதூரம் பேச உதவும் 100 வாட் எச்எஃப் (சிற்றலை) ரேடியோ முழு சக்தியில் அனுப்பும்போது 20 முதல் 23 ஆம்பியர் இழுக்கும். 6 ஸ்கொயர் எம்எம் வயர், 30 ஆம்பியர் ஃபியூஸ் என்பது நான் வழக்கமாகப் போடுவது. பக்கத்து ஊர்களோடு பேச, வண்டியில் வைக்கிற 50 வாட் விஎச்எஃப் ரேடியோ மட்டும் என்றால் அது 10 ஆம்பியர் சுமாருக்குத்தான் இழுக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரியதாக மாற்றுவது, செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது இரண்டையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஃபியூஸ் போனால் எங்கோ ஏதோ தப்பு என்று அது சொல்கிறது.

ஃபியூஸின் வகையும் முக்கியம். வீட்டில் மிச்சமிருக்கிற 32 ஆம்பியர் எம்சிபியைப் பேட்டரிக்குப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. அதனால் சுவிட்ச் திறக்கும்போது உண்டாகும் பொறி தானே அணைந்துவிடும். டிசியில் அந்தப் பூஜ்யம் வருவதில்லை. பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். ஏசிக்கு என்று மட்டும் செய்த எம்சிபியை நம்பிப் பேட்டரியை விடக் கூடாது. டிசிக்கு என்று மதிப்பு அச்சிட்டதையே வாங்குங்கள். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற கார் பிளேடு ஃபியூஸ் ஈய அமிலப் பேட்டரிக்குப் பெரும்பாலும் சரிப்படும். ஆனால் அதன் ஹோல்டரைப் பார்த்து வாங்க வேண்டும். மெல்லிய வயர் நீட்டிக்கொண்டிருக்கிற சாதாரண ஹோல்டர் 20 ஆம்பியரில் பத்து நிமிஷம் பேசினால் இளகிவிடுகிறது. பேசி முடித்ததும் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். இதமான சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் மாற்றிவிடுங்கள். பெரிய லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண பிளேடு ஃபியூஸ் போதாது. ஷார்ட் ஆகும்போது வரும் கரண்ட் அத்தனை அதிகம் என்பதால், அறுந்த ஃபியூஸுக்குள்ளேயே பொறி தொடர்ந்து ஓட வாய்ப்புண்டு. ஆயிரக்கணக்கான ஆம்பியரை முறிக்கும் திறனுள்ள எம்ஆர்பிஎஃப் (MRBF) அல்லது கிளாஸ்-டி (Class T) வகை ஃபியூஸைப் போடுவது நல்லது. விலை கூடத்தான். பேட்டரிக்குக் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான்.

அடுத்தது வோல்டேஜ் இறக்கம். ஒரு தம்பி போனில் சொன்னது இது: "அண்ணே, பேட்டரி ஃபுல்லா இருக்கு, மீட்டர்ல பன்னெண்டரை காட்டுது. ஆனா மைக்க அமுக்குனா ரேடியோ ஆஃப் ஆயிடுது." நேரில் போய்ப் பார்த்தால் 2.5 ஸ்கொயர் வயர், நாலு மீட்டர் தூரம். ரேடியோக்களின் கணக்கு பொதுவாக 13.8 வோல்ட், கூடக்குறைய 15 சதவீதம், அதாவது 11.7 முதல் 15.8 வரை. 2.5 ஸ்கொயர் செம்பு மீட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிஓம். போக வர எட்டு மீட்டர், 22 ஆம்பியர் என்றால் 1.4 வோல்ட் வயரிலேயே போய்விடுகிறது. பன்னிரண்டரையில் அதைக் கழித்தால் 11.1. ரேடியோ அணையாமல் என்ன செய்யும்?

அதே தூரத்துக்கு 6 ஸ்கொயர் போட்டால் இறக்கம் 0.6 வோல்ட்டுக்குள் நிற்கும். 10 ஸ்கொயர் என்றால் 0.35க்குள். பேட்டரியை ரேடியோவுக்கு ஒன்றரை மீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் 6 ஸ்கொயரே தாராளம். அந்தத் தம்பிக்கு வயரை மாற்றுவதற்கு முன்னால் பேட்டரியின் இடத்தைத்தான் மாற்றினோம்.

அளக்கிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சும்மா இருக்கிற பேட்டரியில் மீட்டர் வைத்தால் ஒன்றும் தெரியாது. மைக்கை அழுத்தி, கேரியர் (குரல் ஏறாத வெறும் அலை) போய்க்கொண்டிருக்கும்போது, ரேடியோவின் பின்பக்க பிளக் அருகில் அளக்க வேண்டும். டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வாங்கிக்கொள்ளும் தடை) இருந்தால் அதில் இணைத்துச் செய்யுங்கள், பேண்டில் கேரியரை விட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பிறகு அதே நிலையில் பேட்டரி டெர்மினலில் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நடுவில் தொலைகிற வோல்டேஜ். எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையை லக்கின் (வயர் நுனியில் பொருத்துகிற உலோக வளையம்) உலோகத்திலும் மறுமுனையை அது உட்கார்ந்திருக்கும் டெர்மினலிலும் வைத்துப் பாருங்கள். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் காட்டும். நூறு, இருநூறு காட்டினால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது களிம்பு பிடித்திருக்கிறது.

வயர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சிவப்பும் கறுப்புமாக ஒட்டி வருகிற மலிவான வயர்கள் பலவற்றில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் இழையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அதே கனத்துக்கு அதன் தடை அதிகம். எங்கள் உப்புக் காற்றில் சீக்கிரம் அரித்தும் போகிறது. எலக்ட்ரிக்கல் கடையில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள செம்பு ஃபிளெக்ஸிபிள் வயரைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஆட்கள் 7/20 என்று சொல்கிற வயர் 4.6 ஸ்கொயர் அளவுக்கு வரும். குறைந்த தூரத்துக்கு அதுவும் ஆகும், ஆனால் அது விறைப்பானது. அசைகிற இடத்துக்கு வேண்டாம்.

லக்கை கட்டிங் பிளேயரால் நசுக்கி விடுவது எங்கள் பக்கம் ரொம்பச் சாதாரணம். இழுத்தால் நிற்கும், ஆனால் உள்ளே பாதி இழைதான் பிடித்திருக்கும். கிரிம்பிங் டூல் வாங்க முடியாவிட்டால், இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிற கடையில் கொடுத்து அடித்து வாங்கிக்கொள்ளலாம். மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். இறுக்கிய பிறகு டெர்மினலில் வாஸ்லின் ஒரு பூச்சு. கடலோர ஊர்களில் பச்சைக் களிம்பு சில மாதங்களிலேயே வந்துவிடும், அதனால் இதைச் சோம்பல்படாமல் செய்ய வேண்டும்.

நெகட்டிவ் வயரை யாரும் மதிப்பதில்லை. ஆனால் அது தளர்ந்தால் நடப்பது மோசம். ரேடியோவின் உடம்பு, ஆன்டெனா கேபிளின் ஷீல்ட், கம்ப்யூட்டருக்குப் போகிற யுஎஸ்பி கேபிளின் ஷீல்ட் எல்லாமே ரேடியோவுக்குள் நெகட்டிவோடு சேர்ந்தவை. அந்தக் கம்ப்யூட்டரோ, ஆன்டெனா எர்த்தோ வேறு வழியில் பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்திருந்தால், உரிய வயர் விட்டுப்போனதும் 20 ஆம்பியர் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். யுஎஸ்பி போர்ட் கருகிப்போன லேப்டாப் ஒன்றை இப்படிப் பார்த்தேன். பாசிட்டிவுக்கு எவ்வளவு தடிமனோ அவ்வளவு தடிமன், அதே அளவு இறுக்கம் நெகட்டிவுக்கும் வேண்டும்.

சரி, இபி கரண்ட் இருக்கும்போது பவர் சப்ளையில் ஓடி, போனதும் பேட்டரிக்குத் தானே மாற வேண்டும். இதை எப்படி இணைப்பது என்பதில்தான் எங்களுக்குள் அதிக விவாதம்.

பலரும் செய்வது, பவர் சப்ளையை 13.8க்கு வைத்து, பேட்டரியை அதோடு நேராக இணையாகப் போட்டுவிடுவது. ஓடும். ஆனால் மூன்று தொல்லைகள் உண்டு. பேட்டரி நன்றாக இறங்கியிருக்கும் நேரத்தில் கரண்ட் வந்தால், அது எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவையும் உறிஞ்சும். 26 ஏஎச் எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்ற வேண்டாத, மூடிய ஈய அமில) பேட்டரிக்கு 30 ஆம்பியர் சப்ளையின் மொத்தக் கரண்டும் போனால் அது உப்பிவிடும். அந்த அளவு பேட்டரிக்கு எட்டு ஆம்பியரே உச்சம். அடுத்து, கரண்ட் போனதும் பேட்டரி பின்பக்கமாகப் பவர் சப்ளைக்குள் பாயும். ஒரு நண்பர் வீட்டில் கரண்ட் இல்லாத இரவு முழுக்க எஸ்எம்பிஎஸ்ஸின் (டிரான்ஸ்ஃபார்மர் கனமில்லாத ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) விசிறியும் எல்இடியும் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தன. காலையில் நெட்டுக்கு (குறித்த நேரத்தில் ஹாம்கள் ரேடியோவில் கூடிப் பேசுவது) உட்கார்ந்தபோது பேட்டரி படுத்திருந்தது.

மூன்றாவதுதான் உண்மையில் ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய லீனியர் சப்ளைகள் பலவற்றில், வோல்டேஜ் எகிறினால் ரேடியோவைக் காக்க க்ரோபார் என்று ஒரு சுற்று இருக்கும். வோல்டேஜ் மீறியதும் எஸ்சிஆர் என்ற மின்னணு சுவிட்ச் அவுட்புட்டை வேண்டுமென்றே ஷார்ட் செய்யும். சப்ளை மட்டும் இருந்தால் அதன் ஃபியூஸ் போய் எல்லாம் நின்றுவிடும். பேட்டரியும் அதே முனையில் இருந்தால் ஷார்ட் ஆவது பேட்டரிதான். இடையில் ஃபியூஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன 350 ஆம்பியர் கணக்கிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அதனால் நான் விரும்புவது டயோடு வழி. சப்ளையிலிருந்து ஒரு ஷாட்கி டயோடு (கரண்டை ஒரே பக்கம் விடும் உறுப்பு), பேட்டரியிலிருந்து ஒன்று, இரண்டும் ரேடியோ பக்கம் சேரும். எது வோல்டேஜ் அதிகமோ அது ஓட்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் போகாது. ரேடியோ ஒரு கணம்கூட அணையாது. பேட்டரிக்கு அதன் வகைக்கேற்ற தனி சார்ஜர். 60 ஆம்பியர் ஷாட்கி டயோடு சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் 0.5 வோல்ட் அளவுக்கு இறங்கும், 20 ஆம்பியரில் 10 வாட் சூடு வரும். நல்ல அலுமினிய ஹீட் சிங்க் இல்லாமல் போடக் கூடாது. டயோடின் உலோக முதுகே அதன் ஒரு மின்முனை என்பதால், அதைச் சும்மா பெட்டியில் திருகிவிடாமல் மைக்கா வாஷர் வைத்துப் பிரிக்க வேண்டும்.

ஈய அமிலப் பேட்டரியில் அந்த அரை வோல்ட் பெரிய இழப்பு. பன்னிரண்டு இருக்கும்போது ரேடியோவுக்குப் பதினொன்றரைதான் சேரும். மாஸ்ஃபெட் வைத்து ஐடியல் டயோடு என்று வருகிற போர்டுகளில் இறக்கம் மிகக் குறைவு. இப்போது புதிதாகச் செய்பவர்களுக்கு அதையே சொல்கிறேன். போர்டில் எழுதியிருக்கிற ஆம்பியரில் பாதியைத்தான் நம்புகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். 22 ஆம்பியர் வேண்டுமென்றால் 50 என்று போட்டதை வாங்குங்கள். இந்த இணைப்பில் சப்ளையை 14.2 அளவுக்குக் கொஞ்சம் தூக்கி வைத்தால், கரண்ட் இருக்கும்போது பேட்டரி தேவையில்லாமல் வேலை செய்யாது. ரேடியோவின் உச்சவரம்பு 15.8 என்பதால் இதில் பயமில்லை.

எஸ்எம்பிஎஸ் பற்றி ஒன்று. எல்இடி போர்டு, சிசிடிவி வேலைக்கு விற்கிற ஜன்னல் வலை போட்ட உலோகப் பெட்டி எஸ்எம்பிஎஸ்ஸைப் பலர் வாங்குகிறார்கள். அதில் 230 வோல்ட் திருகுகளும் 12 வோல்ட் திருகுகளும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் பட்டி சில நாளில் உடைந்துவிடும். அதை ஒரு பெட்டிக்குள் அடக்காமல் மேசையில் வைக்கவே கூடாது, வீட்டில் குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். எர்த் வயரைக் கட்டாயம் கொடுங்கள். எர்த் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸின் உடம்பைத் தொட்டால் சுரீர் என்று ஒரு கூச்சம் வரும். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கசிவதுதான் அது. ஆன்டெனா கேபிளை மாட்டும்போது அதே கூச்சம் ரேடியோ பக்கமும் வரும்.

இரைச்சல் விஷயத்தில் நீட்டி முழக்க வேண்டியதில்லை. ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு 7 மெகாஹெர்ட்ஸில் கேளுங்கள், பிறகு சப்ளையை ஆன் செய்யுங்கள். இரைச்சல் ஏறினால் அது சப்ளையின் வேலை. ஃபெரைட் வளையத்தில் வயரைச் சில சுற்று சுற்றினால் ஓரளவு அடங்கும். வீட்டு இன்வெர்ட்டர் வழியாக எஸ்எம்பிஎஸ்ஸை ஓட்டி ரேடியோ கேட்பது வேண்டாத வேலை. 12 வோல்ட்டை 230 ஆக்கி மறுபடி 12 ஆக்குவதில் வழியெல்லாம் நஷ்டம், இரைச்சலும் தாங்காது.

பேட்டரி வகைக்கு வருவோம். ட்யூபுலர் நம் ஊருக்கு நன்கு பழகியது. எங்கும் கிடைக்கும், சர்வீஸ் செய்ய ஆள் இருக்கிறது. ஆனால் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியே வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். அது காற்றைவிட லேசானது, மேலே போய் மூலையில் தங்கும். சாமி அலமாரிக்குக் கீழே, விளக்கு எரிகிற இடத்தில் பேட்டரி வைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அன்றே அதை மாடிப்படிக்கு அடியில் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றச் சொன்னேன். மூடிய மர அலமாரிக்குள்ளும் வேண்டாம். வைக்க வேண்டியே இருந்தால் மேல்பக்கம் ஓட்டை விடுங்கள்.

எஸ்எம்எஃப் பேட்டரிகள் சீக்கிரம் சாவதற்கு முக்கியக் காரணம் நம் வெயில். அதன் மேலேயே ஸ்டாண்ட்பை 13.5 முதல் 13.8 வரை என்று அச்சிட்டிருப்பார்கள். அது 25 டிகிரிக்கான கணக்கு. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 12 வோல்ட் பேட்டரிக்கு 18 மில்லிவோல்ட் அளவுக்குக் குறைக்க வேண்டும். கத்திரி வெயிலில் அறை 40 டிகிரி என்றால் கால் வோல்ட்டுக்கு மேல் குறைய வேண்டும். 13.8லேயே வருஷம் முழுக்க விட்டுவைத்தால் உள்ளே ஈரம் வற்றி, பக்கங்கள் உப்பி நிற்கும். எங்கள் பகுதிக்கு நான் 13.5 வைக்கிறேன். வெயில் ஏறும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் எந்தப் பேட்டரியையும் வைக்காதீர்கள். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பேட்டரிக்காரர்கள் சொல்கிற பொதுக் கணக்கு. அனுபவத்திலும் அப்படித்தான் தெரிகிறது.

லித்தியம் வாங்குகிறவர்கள் பெயரைச் சரியாகக் கேட்டு வாங்குங்கள். ரேடியோவுக்குப் பொருந்துவது லித்தியம் இரும்பு பாஸ்பேட், நாலு செல். நிறைந்தால் 14.6, பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும், ரேடியோ சுகமாக ஓடும். லேப்டாப் பழைய செல்களைச் சேர்த்து யாரோ செய்து தருகிற பேக் வேறு வகை. மூன்று செல் வைத்தால் நிறைந்தாலும் 12.6தான், பாதி இறங்குவதற்குள் ரேடியோ மறுக்கும். நாலு வைத்தால் 16.8, ரேடியோவின் வரம்பைத் தாண்டிவிடும். பழைய செல் பேக்குகளில் தீ அபாயமும் அதிகம். அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாஸ்பேட் பேட்டரியிலும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் மின்சுற்று) இருக்கிறதா, அது விடும் கரண்ட் 30 ஆம்பியருக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். 20 ஆம்பியர் பிஎம்எஸ் என்றால் மைக்கை அழுத்தியதும் பேட்டரி முழுதாக அணைந்துவிடும்.

எவ்வளவு பெரிய பேட்டரி? ஒரு மணி நேரத்தில் பத்து நிமிஷம் பேசி, மீதி நேரம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். குரலில் பேசும்போது சராசரி 10 ஆம்பியர், பத்து நிமிஷத்துக்கு 1.7 ஏஎச். கேட்பதற்கு ஒரு ஆம்பியர், 0.8 ஏஎச். மணிக்கு 2.5, ஒரு நாளைக்கு 60 ஏஎச். ஈய அமிலத்தில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 150 ஏஎச் ஒரு நாளைக்கு நிம்மதியாக வரும். இதில் மூன்றில் ஒரு பங்கு சும்மா கேட்பதிலேயே போவதைக் கவனியுங்கள். அதனால் நேரம் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு மணியின் முதல் பத்து நிமிஷம் மட்டும் ரேடியோவைத் திறப்பது என்று வைத்துக்கொண்டால் பேட்டரி குறைந்தது ஒன்றரை மடங்கு வரும். சக்தியையும் குறைக்கலாம். 100 வாட்டிலிருந்து 25க்கு இறக்கினால் எதிர்முனையில் குறைவது ஒரே ஒரு எஸ் புள்ளி (ரேடியோவின் சிக்னல் மீட்டரில் ஒரு படி).

கூரையில் 100 வாட் சோலார் பேனல் வைத்தால் நல்ல வெயில் நாளில் 25 ஏஎச் கிடைக்கலாம். புயலுக்குப் பிந்தைய மேகமூட்டத்தில் அதில் பாதிகூட எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், புயல் எச்சரிக்கை வந்தவுடனே பேனலைக் கழற்றி உள்ளே வையுங்கள், ஆன்டெனா கேபிளையும் ரேடியோவிலிருந்து பிடுங்கி வையுங்கள். கஜாவில் தகரக் கூரைகளே பறந்தன.

பேட்டரியில் கை வைக்கும்போது மோதிரம், வாட்ச், கைச்செயின் எல்லாம் கழற்றிவிடுவேன். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும், நுனி மட்டும்தான் வெளியே. ஃபியூஸை எடுத்து வைத்துவிட்டு மற்ற இணைப்புகளை எல்லாம் முடித்து, மீட்டரில் பிளஸ் மைனஸ் சரி பார்த்து, கடைசியாகத்தான் ஃபியூஸைச் செருகுவது. பிளஸ்-மைனஸ் மாறினால் ரேடியோவுக்குள் இருக்கும் காப்பு டயோடு கம்பெனி ஃபியூஸைப் போக்கிக் காப்பாற்றலாம், காப்பாற்றாமலும் போகலாம். அதனால் பிளக்கும் திருப்பிச் செருக முடியாத வகையாக இருக்கட்டும். ஆண்டர்சன் பவர்போல் என்ற பிளக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எக்ஸ்டி60 போதும், பேட்டரி பக்கம் பெண் முனை வரும்படி.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நெட்டின்போது நாங்கள் சிலர் இபி சுவிட்சை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் பேட்டரியிலேயே ஓட்டுகிறோம். தொடக்கத்தில், முடிவில், மைக்கை அழுத்தியிருக்கும்போது என்று மூன்று வோல்டேஜ்களையும் லாக் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிவைப்போம். போன மாதம் அழுத்தும்போது 12.0 இருந்தது இந்த மாதம் 11.6 என்றால் பேட்டரி தளர்கிறது, அல்லது ஒரு லக் தளர்ந்திருக்கிறது. மில்லிவோல்ட் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஓய்வில் 12.2க்குக் கீழே இருந்தால் அன்றே சார்ஜ் போட வேண்டும். பாதி வெறுமையில் கிடக்கிற ஈய அமிலப் பேட்டரியில் சல்பேட் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. ட்யூபுலர் என்றால் மிதவையையும் அன்றைக்கே பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிவிடுங்கள். அக்டோபர் கடைசியில், மழைக்காலம் தொடங்கும் நேரத்தில், உதிரி ஃபியூஸ் நாலைந்தை டப்பாவில் போட்டு பேட்டரி பக்கத்திலேயே கட்டிவைக்கிறோம். இருட்டில் தேடக் கூடாது.